உப்பும் மடையும்



நெய்தல் திணைக்கு உப்பு புதிதன்று. உமணர் வண்டியேற்றிச் சென்ற அப்பொருளைச் சங்கப் புலவர் பலர் பாடினர். நான் பேச வந்தது நம் தலைக்குள் இருக்கும் உப்பைப் பற்றி.

காசிமேட்டில் விலைபோகும் கணவாயை அனைவரும் அறிவோம். அவ்வினத்து ஊசிக் கணவாயின் தடித்த நரம்பிழையை ஆராய்ந்தவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி. மின்னேற்றம் பெற்ற சோடிய, பொட்டாசியத் துகள்கள், அதாவது அயனிகள், சவ்வைக் கடப்பதே நரம்புச் செய்தி என 1952இல் நிறுவினர். 1963இல் நோபெல் பரிசு பெற்றனர். பொட்டாசிய வழியின் வடிவை 1998இல் மெக்கின்னன் கண்டார். பெரிய பொட்டாசியத்தை அது விடும். சிறிய சோடியத்தைத் தடுக்கும். தன் நீர்ப்போர்வையைக் களைந்து நுழையும் பொட்டாசியத்துக்கு, அந்நீருக்கு ஈடான பற்று வழியின் சுவரில் கிடைக்கிறது. சோடியத்துக்கு அச்சுவர் பொருந்துவதில்லை.

கணிப்பொறி மின்னணுக்களை ஓட்டி எண்ணுகிறது. மூளையோ உப்பை ஓட்டி எண்ணுகிறது. அதற்கு ஏறக்குறைய 20 வாட் ஆற்றலே போதும். அம்முறையைப் பின்பற்றி, பாரிஸ், மான்செஸ்டர் ஆய்வாளர்கள் மிக நுண்ணிய வழிகளில் உப்புநீரைச் செலுத்தினர். பெங்களூரில் முனைவர் பட்டம் பெற்ற இராதா போயா அவர்களுள் ஒருவர். முன்பு பெற்ற மின்தூண்டலுக்கேற்ப அவ்வழிகளின் கடத்துதிறன் மாறியது. அம்மாற்றம் மணிக்கணக்கில் நிலைத்தது. உப்புநீர் நினைவு கொண்ட இச்செய்தி 2023இல் வெளிவந்தது.

இவ்வழியைத் தமிழில் கால்வாய் என்றும் வாய்க்கால் என்றும் எழுதுவோர் உளர். கால்வாய் நீரோடும் பாதை. திறப்பும் அடைப்பும் அச்சொல்லில் இல்லை. உப்பளத்தார் பாத்திக்குப் பாத்தி கடல்நீரைத் திறந்தும் அடைத்தும் விடும் இடம் மடை. ஆதலின் 'அயனி மடை' என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. மடை ஆளறிந்து விடுமோ எனில், அதனை அடைமொழி உணர்த்தட்டும்: சோடிய மடை, பொட்டாசிய மடை.

எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதி உப்பளங்கள் பல, துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் இடமாகிவிட்டன. தொழில் மறைந்தால் அதன் சொல்லும் மறையும். கலைச்சொல்லை அறிஞர் குழு ஆக்கலாம். மக்கள் நாவில் நிறுத்துவது பாட்டு. பத்தாண்டு கண்ட இவ்வட்டத்துப் பாவலர், வடசென்னை உப்பளத்தின் சொல்லால் மூளையின் உப்பைப் பாடுக. அதுவே நம் காலத்து நெய்தல்.