பட்டியலும் பதிவேடும்: கருத்தரங்கத் தலைமை உரை

என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்க, தலைமைப் பொறுப்பை எனக்கு அளித்திருக்கிறீர்கள். நன்றியோடும் சற்றே கலக்கத்தோடும் ஏற்கிறேன்.

‘வாக்குரிமையும் சிறுபான்மையினர் திருமண உரிமையும்’ என்பது நமது பொருள். அயர்லாந்து 2015இல் பொதுவாக்கெடுப்பில் ஒருபாலர் திருமணத்தை ஏற்றதும், கலிபோர்னியா 2008இல் கையிலிருந்த அதே உரிமையை வாக்களித்துப் பறித்ததும் நீங்கள் அறிந்தவை. நம் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று இந்தக் கேள்வியை நாடாளுமன்றத்திடம் விட்டதையும் இங்கு விளக்க வேண்டியதில்லை. பிற்பகல் அமர்வுகள் அவற்றைப் பேசும். வாக்கும் திருமணமும் நம் மண்ணில் முன்பே சந்தித்த இடமாக, பிரெஞ்சிந்தியாவின் ரெனோன்சான்களைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன்.

1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, பிரெஞ்சிந்தியர் எவரும் தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம்; அப்படித் துறந்தவர்களே ரெனோன்சான்கள். செருப்பணிந்து நீதிமன்றம் சென்றதற்காக 1873இல் தண்டிக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, லபோர்த் என்ற குடும்பப் பெயரோடு முன்வரிசையில் நின்றார். ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் பெருமளவில் பின்தொடர்ந்தனர்.

இவர்கள் ஓட்டுக்காகப் பெயர் மாற்றியவர்கள் என்று நம் துறையில் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. முந்தைய கருத்தரங்கு ஒன்றிலும் மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் அதை வலியுறுத்தினார். அவர் உழைப்பை வணங்குகிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. அந்தத் துறவைத் திரும்பப் பெற முடியாது. மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அது கட்டும். திருமணமும் வாரிசுரிமையும் அடியோடு மாறும். ஒரு தேர்தலுக்காக இவ்வளவையும் பணயம் வைத்தார்கள் என்பவர்கள், தேர்தல் பட்டியல்களைப் படித்த அளவுக்குத் திருமணப் பதிவேடுகளைப் படிக்கவில்லை. 1880இல் கொம்யூன் எனும் உள்ளாட்சி அமைப்புகள் அமைந்த பிறகு அவற்றின் அலுவலகங்களான மேரிகளில் எழுதப்பட்ட அந்தப் பக்கங்களை நம் ஆய்வுலகம் இன்னும் முறையாகப் புரட்டவில்லை.

பட்டியல், பதிவேடு இரண்டுக்கும் நேர்ந்ததை ஒப்பிடுங்கள். 1884இல் ஐரோப்பியர், ரெனோன்சான், ஏனைய இந்தியர் என மூன்று வாக்காளர் பட்டியல்கள் வந்தன. 1899இல் ரெனோன்சான் பட்டியல் ஒழிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர், அரசியல் தலைவர் சண்முக வேலாயுத முதலியார் போன்றோரின் செல்வாக்குக்கு உட்பட்ட பெரும்பான்மைக்குள் கரைந்தனர். பட்டியலில் கிடைத்த இடம் பதினைந்தே ஆண்டில் போயிற்று. பதிவேட்டில் எழுதிய உரிமையோ இந்தியாவுடனான இணைப்பையும் தாண்டி நின்றது: 1963இல் இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு விரிந்தபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்ற விதி சேர்க்கப்பட்டது.

1954 அக்டோபர் 18 அன்று, புதுச்சேரியின் வில்லியனூர்ப் பகுதியிலுள்ள கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். மண்ணின் விதியைப் பெரும்பான்மை முடிவு செய்தது, அது சரியே. ஆனால் இந்தியாவும் பிரான்சும் செய்த 1956 ஒப்பந்தம், இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதை அவரவர் எழுத்துமூல அறிவிப்புக்கே விட்டது. அந்த வழி வந்த பிரெஞ்சுக் குடியுரிமையாளர், ஒருபாலர் திருமணத்தை ஏற்கும் 2013ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டப்படி பிரான்சில் மணக்கலாம். அவருடைய இந்தியப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வழி இல்லை.

சட்டமன்றத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967இல் அண்ணா அரசின் சட்டம் அதைச் செல்லுபடியாக்கியது. புதுச்சேரி 1971இல் பின்பற்றியது. திருநங்கையும் மணமகளே என்று அதே நீதிமன்றம் 2019இல் கூறியது. சட்டமன்றமோ நீதிமன்றமோ உரிமையை விரிக்கலாம். இவர் இவரை மணக்கலாமா என்று ஊரைக் கூட்டிக் கை உயர்த்தச் சொல்வதை நான் எதிர்க்கிறேன். எந்தத் தொகுதியிலும் சில நூறு பேராகச் சிதறியிருப்பவர்கள் தம் எண்ணிக்கையால் மட்டும் வெல்லவே முடியாது.

அவர்கள் தம் குறையைச் சொல்லப் பக்கத்தில் ஓர் அவையாவது வேண்டாமா? புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்த பின் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இல்லாத நிலை நீண்டது.

இன்று மாலைக்குள் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றித் தர வேண்டுகிறேன். வில்லியனூர், பாகூர் மேரிகளின் பழைய திருமணப் பதிவேடுகளுக்குத் தனிமனித விவரங்களைக் காத்து அட்டவணை தயாரிக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தல்கள் இனி உரிய காலத்தில் தவறாமல் நடக்க வேண்டும்.