விடையும் வழியும்

கணக்கில் விடை மட்டும் போதாது, வழியும் வேண்டும் என்று நம் ஆசிரியர்கள் கற்பித்தார்கள். கணிப்பொறி தரும் விடைக்கும் அதே நியாயந்தான். அதற்கு எழுதிக் கொடுத்த கட்டளைகளே, அதாவது மூலநிரலே, அதன் வழி. அதைப் பூட்டி வைத்தால், பிழை எங்கே என்று எவர் ஆராய்வது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1968-இல் ஓர் அரிய முயற்சி தொடங்கிற்று. எண்களை மட்டுமன்றி இயற்கணிதக் குறிகளையும் கையாண்டு, வகையீடும் தொகையீடும் செய்யவல்ல மென்பொருள் அது. 1982-இல் அதன் ஒரு படி அந்நாட்டு எரிசக்தித் துறையிடம் சேர்ந்தது. அதனைப் பேணி வளர்த்தவர் டெக்சஸ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் வில்லியம் ஷெல்டர். க்னூ பொது உரிமத்தின்கீழ் அதனை வெளியிடுவதற்கு 1998-இல் அவர் துறையின் இசைவைப் பெற்றார். இன்று அதன் பெயர் 'மாக்ஸிமா'.

கட்டற்ற மென்பொருள் என்றால் இலவசம் என்று மட்டும் கொள்ளலாகாது. எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். திருத்தி வழங்குவோர் மூலநிரலையும் அதே உரிமையோடு தரவேண்டும் என்பதே இவ்வுரிமத்தின் நிபந்தனை.

2001-இல் ஷெல்டர் காலமானார். மென்பொருள் அவரோடு மறையவில்லை. தன்னார்வலர்கள் அதனைத் தொடர்ந்து செப்பனிட்டு வந்தனர். தில்லியிலோ நாகபுரியிலோ பயிலும் உங்கள் பிள்ளையும் அதனைப் பெறலாம். விடையோடு வழியையும் பார்க்கலாம்.