கடன் எழுதும் கொப்பி



காத்தான்குடியில் பெண் பிறந்தால் வீடு கட்டும் கவலையும் உடன் பிறந்துவிடுகிறது. மணமகன் பெண் வீட்டில் வந்து வாழ்வது அவ்வூர் வழக்கம். ஆகவே மகள்மார் எத்தனையோ அத்தனை வீடுகள் வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய ஊரில் காணி விலையைச் சொல்ல வேண்டுமா? தறியிலும் கடையிலும் ஈட்டியது போதாதபோது நகை அடகுக்குப் போகிறது, பின்னர் கைமாற்று, அதன்பின் வட்டி.

இக்கடனை மனைவிக்கும் சொல்லாமல் நெஞ்சில் சுமக்கும் தந்தையர் உண்டு. முதற் பிழை அதுவே என்பேன். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனைச் சாட்சிகளோடு எழுதிவைப்பது பற்றியது. அதற்குச் சற்று முன்னுள்ள வசனமோ (2:280) இடர்ப்பட்ட கடனாளிக்குத் தவணை கொடுக்கப் பணிக்கிறது. தொகை தெரிந்தாலன்றோ தவணை கேட்கலாம்! அயலிலுள்ள மட்டக்களப்பு நகருக்கு 1814இல் வந்த மெதடிஸ்த சபையினரின் மூலவர் ஜோன் வெஸ்லியும் முதுமைவரை கணக்கெழுதியவர். வருவாய் உயர்ந்தபோதும் தம் செலவை உயர்த்தாது மிச்சத்தை ஈந்தவர்.

ஆகவே ஒரு கொப்பி வாங்குங்கள். ஒரு பக்கத்தில் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும், எதிர்ப்பக்கத்தில் அரிசி, மீன், மின்சாரம், பள்ளிச் செலவு ஆகியவற்றையும் எழுதுங்கள். வட்டி ஏறும் கடனை முதலில் அடையுங்கள். மேல்மாடி பூசாமல் நின்றால் அயலார் பேசுவர்; பேசட்டும். கலியாண விருந்தையும் சுருக்கலாம்.

அப்படியும் முடியாதவர் சகாத் கேட்க நாண வேண்டியதில்லை. அதைப் பெறத்தக்க எட்டு வகையினருள் கடனாளியும் ஒருவர். கேட்கப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு செல்லுங்கள்.