கையால் கற்கும் மின்னிசை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் கூடியுள்ள அவையில் மின்னணு இசைக்கருவிகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆசிரியர்களின் தகுதிகளை வரிசையாக உரைக்கிறார். அவ்வரிசையில் இசையாசிரியனுக்கும் தண்ணுமை ஆசிரியனுக்கும் நடுவே கவிஞனுக்கும் ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறார். அந்த இருக்கையின் உரிமையில்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் எழுப்ப விரும்பும் கேள்வி ஒன்றே. ஓர் ஒலியைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஓர் ஒலியைப் பிறப்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது? இன்று ஒரு கைப்பேசிக்குள் ஆயிரக்கணக்கான ஒலிகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. மழைக்காலச் சோகப் பாடல் ஒன்று வேண்டும் என்று எழுதிக் கேட்டால், மெட்டும் குரலுமாக முழுப்பாட்டையே ஆக்கித் தரும் மென்பொருள்களும் வந்துவிட்டன. இந்நிலையில், குமிழ்களும் கம்பிகளும் நிறைந்த ஒரு பெட்டியின் முன் மாதக்கணக்கில் அமர்ந்து ஒற்றை ஒலியைச் செய்யக் கற்பது வீண்வேலையா? வீண்வேலையன்று என்பதே என் துணிபு. அதற்கான காரணத்தைக் கருவியைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

1964-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்ற பொறியாளர், ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து ஒரு சிந்தசைசரின் முதல் வடிவத்தை உருவாக்கினார். அதன் அடிப்படைக் கருத்து எளியது. மின்னழுத்தத்தைக் கொண்டு ஒலியை ஆள்வது. மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். அலையைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர், வலிமையைக் கூட்டிக் குறைக்கும் ஆம்பிளிஃபையர் என ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே இருக்கும். எதை எதனோடு இணைப்பது என்பதை இசைப்பவரே கம்பி செருகி முடிவு செய்ய வேண்டும்.

இக்கருவியைக் கற்கத் தொடங்குபவர் முதலில் கேட்பது ரம்பப்பல் வடிவ அலை ஒன்றின் கரகரப்பான ஓசை. அடிச்சுரத்தின் மேற்சுரங்கள் அனைத்தும் அதற்குள் அடங்கியிருக்கும். ஃபில்டர் குமிழை மெல்லத் திருகி மேற்சுரங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனால், 'ஆ' எனத் திறந்திருந்த ஒலி 'ஊ' எனக் குவிவது போல் கேட்கும். தமிழ் கற்றவருக்கு இது புதிதன்று. தொல்காப்பியப் பிறப்பியல் சொல்வதும் இதுவே. உந்தியிலிருந்து எழும் காற்று ஒன்று. தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் அது வேறுவேறு எழுத்தாகிறது. மூலம் ஒன்று, வடிப்பது உறுப்பு. மூக்கின் பெட்டியில் மூலம் ஆசிலேட்டர், உறுப்பு ஃபில்டர். இந்த உண்மையை நூலில் படித்து அறிபவர் உண்டு. குமிழைத் திருகும் விரலும் கேட்கும் செவியும் ஒருங்கே அறியும்போது அந்த அறிவு உடலில் தங்கிவிடுகிறது.

அடுத்துக் கற்க வேண்டியது காலம். ஓர் ஒலி எவ்வளவு விரைவில் எழ வேண்டும், எழுந்தபின் எவ்வளவு தணிய வேண்டும், விசையை அழுத்தியிருக்கும் வரை எந்த அளவில் நிற்க வேண்டும், விட்டபின் எவ்வளவு நேரத்தில் ஓய வேண்டும் என்பவற்றை நான்கு குமிழ்கள் தீர்மானிக்கின்றன. எழுச்சியை உடனடியாக்கி, தணிவை விரைவாக்கி, நிற்கும் அளவைச் சுழியாக்கினால் அதே அலை வீணையில் மீட்டியது போலாகும். எழுச்சியைத் தாமதப்படுத்தினால் வில்லால் இழைத்தது போலாகும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனக் கணக்கிட்ட மரபில் வந்த நமக்கு, ஒலியின் இயல்பில் பாதி அதன் காலத்தில் இருக்கிறது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, சீக்வென்சர் எனப்படும் வரிசைக் கருவி. பல கருவிகளில் அது 16 கட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சுரத்தை வைக்கலாம், அல்லது வெற்றிடமாக விடலாம். பதினாறும் முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து ஓடும். கற்பவர் தொடக்கத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடுவார். நான்கைந்து சுழற்சிக்குள் செவி சலித்துப்போகும். எந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவது என்று எண்ணத் தொடங்கும்போதுதான் இசை பிறக்கிறது. ஏழு சீருக்குள் ஒரு குறளைச் செய்தவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பாடம் நன்கு விளங்கும்.

இவ்விடத்தில் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1970-இல் வந்த மினிமூக் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும். அதற்கு நினைவாற்றலும் இல்லை. விரும்பிய ஒலி கிடைத்தால் குமிழ்களின் நிலையைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். வெப்பம் மாறினால் சுருதி நழுவும். தம்புராவைப் போல் அவ்வப்போது சேர்க்க வேண்டும். 1978-இல் வெளியான ப்ராஃபெட்-5 என்ற கருவி 40 ஒலிகளை நினைவில் வைத்தது. 1983-இல் யமஹா நிறுவனத்தின் டிஎக்ஸ்7 வந்தபோது குமிழ்கள் மறைந்து, தட்டைப் பொத்தான்களும் சிறு எழுத்துத் திரையும் அவ்விடத்தைப் பிடித்தன. மேடைக் கலைஞர்களுக்கு அது பெரும் வசதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் புதிய ஒலியை அமைப்பது கடினமானதால், பெரும்பாலோர் உள்ளே வைத்துக் கொடுக்கப்பட்ட ஒலிகளையே பயன்படுத்தினர். ஊர்தோறும் பாடல்கள் வேறாயினும் மணியோசை ஒன்றாகவே இருந்தது. பிறப்பித்தவர்கள் தேர்ந்தெடுப்பவர்களாக மாறிய காலம் அது.

கையோடு கருவி சேர்ந்தபோது நடந்தவற்றுக்கு மூன்று சான்றுகள் சொல்வேன்.

முதலாவது அகமதாபாத். 1969-இல் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவ உதவினார். அங்கே பணியாற்றிய இந்தியர்களுள் கீதா சாராபாய் ஒருவர். பக்காவஜ் பயின்றவர். 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளருக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேனாட்டின் புதிய இசையைக் கற்றவர். அந்நிறுவனத்தில் உருவான ஒலிப்பதிவுகள் பல்லாண்டுகள் நாடாக்களில் உறங்கிக் கிடந்தன. 1969 முதல் 1972 வரையிலான அப்பதிவுகளின் தொகுப்பு 2023-இல் வெளிவந்தது.

இரண்டாவது பம்பாய். திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். நம் மோகனத்துக்கு இணையான பூபாளியும் இந்தோளத்துக்கு இணையான மால்கௌன்ஸும் அதில் உண்டு. அம்மூன்றில் ஒன்றான டிபி-303 ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி உடையது. ராகம் பழகிய செவிக்கு அவ்வழுக்கலின் பயன் சொல்லாமலே புரியும். அத்தட்டு அக்காலத்தில் கவனம் பெறவில்லை. 2010-இல் மறுபதிப்பான பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 2015-இல் அவர் மறைந்தார்.

மூன்றாவது சிகாகோ. தனியே பயிலும் கிட்டார் கலைஞருக்குத் துணையாக அடிச்சுரம் வாசிக்கவே டிபி-303 செய்யப்பட்டது. விற்பனை குன்றி, 1984-இல் உற்பத்தி நின்றது. மலிவு விலையில் பழைய பொருளாகக் கிடைத்த ஒன்றை ஃப்யூச்சர் என்ற குழுவின் இளைஞர்கள் வாங்கினர். ஒரே சுரவரிசை சுழன்றுகொண்டிருக்க, ஃபில்டர் குமிழ்களை ஓயாமல் திருகிக்கொண்டே இருந்தனர். அதிலிருந்து பிறந்து 1987-இல் வெளியான இசைத்தட்டு ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகைக்கே வித்திட்டது. செய்தவர் எண்ணாத ஒலியைக் கருவியிலிருந்து கேட்டு வாங்கியது அவர்களுடைய கை.

இது பழைமை மோகம் என்று கருத வேண்டா. குமிழ்கள் திரும்பி வந்துவிட்டன. 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோஃபர், கம்பியால் இணைக்கும் சிறு பகுதிகளை மீண்டும் செய்யத் தொடங்கினார். 2013-இல் கோர்க் நிறுவனம் உள்ளங்கைகளில் அடங்கும் வோல்கா கருவிகளைக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. கணினியில் ஒலியைப் பிறப்பிப்பவரும் உண்டு. விலையுயர்ந்த பெட்டிகளை அடுக்கி வைத்து ஆயத்த ஒலிகளையே அழுத்துபவரும் உண்டு. ஆனால் ஒரு குமிழுக்கு ஒரு தொழில் என அமைந்த கருவி, கற்பவரைத் தேர்வுப் பட்டியலிலிருந்து விடுவித்துக் கேட்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. கற்க விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இது. ஒரே கருவியை ஓராண்டு வைத்திருங்கள். ஓர் அலை, ஒரு ஃபில்டர், பதினாறு கட்டங்கள் போதும். கிடைத்த ஒலியைச் சேமிக்காமல் அணைத்துவிட்டு, மறுநாள் செவியின் நினைவைக் கொண்டே மீண்டும் செய்து பாருங்கள். அது முழுதாகத் திரும்பாது. வேறாக வருவது எது என்று கவனியுங்கள். உங்களுடையது என்று சொல்லத்தக்க ஒலி அங்கேதான் தலைகாட்டும்.

கவிஞர் பெருமக்களே, ஆயத்த ஒலிகளைப் போலவே ஆயத்தச் சொற்களும் உண்டு. விடியல், சிறகு, வேர், வியர்வை எனப் பொத்தானை அழுத்தினால் வந்து விழும் சொற்களை நாம் அறிவோம். அவை தீயன அல்ல. முதலில் சொன்னவர் வாயில் பிறந்தவையே. பிறகு வந்தவர்கள் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவே. கேட்டவுடன் கவிதை எழுதித் தரும் பொறிகள் வந்திருக்கும் இந்நாளில், தேர்ந்தெடுப்பதில் அப்பொறிகளோடு போட்டியிட நம்மால் இயலாது, தேவையுமில்லை. ஓர் உயிரெழுத்து வாயில் எங்கே பிறக்கிறது, எத்தனை மாத்திரை நிற்கிறது, எந்தச் சீரில் மௌனம் விழுகிறது என்று செவியால் தேடும் உழைப்பு நம்மிடம் இருக்கிறது. மாதந்தோறும் கூடிக் கவிதைகளை வாய்விட்டுப் படித்துக் காட்டும் இவ்வட்டம் பத்தாண்டுகளாகச் செய்துவருவதும் அவ்வுழைப்பே. அது இன்னும் பல பத்தாண்டுகள் தொடர வேண்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன்.