முதுமையில் முடக்குவாதமும் ஸ்டீராய்டு மருந்தும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் நம் இல்லத் திண்ணைகளில் நாடோறும் பேசப்படுவதேயாகும். அறுபது வயது கடந்த ஒருவர் காலையில் விழித்ததும் விரல்களை மடக்க இயலாது ஒரு மணி நேரம் வருந்துகிறார். இரு கைகளிலும் மணிக்கட்டும் விரற்கணுக்களும் வீங்கி நோகின்றன. செம்பைத் தூக்கவும் தலை வாரவும் பிறர் துணை வேண்டியிருக்கிறது. வீட்டார் இதனை வயதின் தேய்மானம் என்று விட்டுவிடுகின்றனர். ஆனால் இத்தகைய குறிகள் முடக்குவாதத்தைச் சேர்ந்தனவாக இருத்தல் கூடும். சரவாங்கி என்றும் நம்மவர் இதனை வழங்குவர். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் எழும் அழற்சி நோய் இது. கவனியாது விடின் மூட்டுகள் கோணிப்போகும்.

இந்நோய்க்கு ஸ்டீராய்டு என்று மருத்துவர் கூறிய மாத்திரத்தில் வீட்டில் இரு கட்சிகள் எழுகின்றன. ஒரு சாரார் அது நஞ்சு, தொடலாகாது என்பர். மற்றொரு சாரார் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி, வலித்தபோதெல்லாம் விழுங்குவர். நாம் மருத்துவரல்லோம், ஆயினும் இவ்விரண்டும் தவறு என்று துணிந்து கூறுவோம். அஃது ஏன் என்பதை அம்மருந்தின் வரலாறே விளக்கும்.

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்து மேயோ மருத்துவ நிலையத்தில், பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவரின் குழுவினர், 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி, முடக்குவாதத்தால் நலிந்த 29 வயது மங்கை ஒருவருக்குப் பிற்காலத்தில் கார்ட்டிசோன் எனப் பெயர் பெற்ற மருந்தை முதன்முதலாக ஊசி வழியே செலுத்தினர். சின்னாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஆயினும் மிகுந்த அளவில் நெடுநாள் கொடுத்தபோது முகம் உப்புதல் முதலிய கேடுகளும், நிறுத்தியதும் நோய் மீளுதலும் விரைவிலேயே புலப்பட்டன. மருந்து ஒன்றே, அளவும் காலமுமே நன்மையையும் தீமையையும் வகுக்கின்றன.

நிற்க. முதியோர்க்கு இக்கணக்கு எப்படி? குளோரியா என்னும் ஐரோப்பிய ஆராய்ச்சியின் முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. 65 வயதும் அதற்கு மேலுமுள்ள முடக்குவாத நோயாளர் 451 பேரை இரு பிரிவாக்கினர். வழக்கமான மருந்துகளோடு, ஒரு பிரிவினர்க்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனும், மற்றவர்க்கு மருந்தற்ற மாத்திரையும் இரண்டாண்டு கொடுத்தனர். ஸ்டீராய்டு உண்டவர்க்கு நோயும் குறைந்தது, மூட்டுச் சேதமும் குறைந்தது. ஆனால் குறித்துக் கவனித்த தீங்குகளில் ஒன்றேனும் நேர்ந்தவர், அவர்களுள் நூற்றுக்கு 60 பேர். மற்றவருள் 49 பேர். அத்தீங்குகளிற் பெரும்பான்மை தொற்றுநோய்களே. ஆகவே பயனும் உண்டு, விலையும் உண்டு.

அவ்விலை எல்லார்க்கும் ஒன்றன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கண்ணழுத்த நோய், முன் நேர்ந்த எலும்பு முறிவு, முன் வந்த காசநோய் ஆகியவை உள்ளார்க்குத் தராசு சாயும். ஆதலின் இவற்றை ஒளியாது மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், எப்போது குறைப்பது, எலும்புக்குக் காப்பு என்ன, சர்க்கரையை எப்போது பார்ப்பது என்னும் ஐந்து வினாக்களையும் கேட்டு எழுதிக்கொள்க.

மெத்தோட்ரெக்சேட் போன்ற அடிப்படை மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை வலியைத் தாங்கிக் கடத்தும் பாலமாகவே ஸ்டீராய்டு பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது. பாலத்திலேயே குடியிருப்பது நோக்கமன்று. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை உண்ணும் மருந்து. தினமும் உண்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டிலுள்ள இளைஞர் கிழமையைக் குறித்துத் தாமே எடுத்துக் கொடுக்கவேண்டும்.

இனி, மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு உண்டவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்து ஓய்ந்திருக்கும். வலி நின்றது என்றோ, அயலார் அச்சுறுத்தினர் என்றோ மருந்தைத் திடீரென நிறுத்தினால் வாந்தியும் மயக்கமும் தோன்றி உயிர்க்கே தீங்கு நேரலாம். மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தலே முறை. பெயர் அச்சிடாத பொடியையும் மாத்திரையையும் வாங்குவோரும் இதனை எண்ணுக. அத்தகையவற்றுள் ஸ்டீராய்டு கலந்திருத்தல் பரிசோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. கலந்ததை அறியாதார் குறைக்கும் முறையை எங்ஙனம் அறிவர்?

இறுதியாக ஒன்று. முதியோரை விலக்கிவிட்டு மக்களும் மருமக்களும் கூடி முடிவு செய்தல் நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. வலியைச் சுமப்பவர் அவர். கையால் தாமே உண்ண விரும்புவோரும் அவர். நன்மை தீமைகளை அவர்க்கு விளங்கும்படி எடுத்துரைத்து, அவர் விருப்பத்தையும் கேட்டே மருந்தைத் தொடங்குவோமாக. பெற்றோரைப் பேணுதல் என்பது அதனையும் உள்ளடக்கியதே என்று கூறி எம் உரையை முடிக்கின்றோம்.