கப்பலில் வந்த சுடுசொல்



பிறர் பேசும் புண்படுத்தும் சொற்களைக் கிறிஸ்தவர் எப்படி எதிர்கொள்வது என்பது இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு எனக்குத் தந்திருக்கும் பொருள். கேட்டவுடனே மறுகன்னம் காட்டச் சொன்ன மலைப்பொழிவு உங்களில் பாதிப் பேருக்கு நினைவு வந்திருக்கும். "பொறுத்துப் போங்கள், மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு நான் சீக்கிரம் இறங்கிவிடுவேன் என்று சிலர் நம்பியும் இருக்கலாம். அந்த நம்பிக்கையைக் கெடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். பொறுமை நற்செய்தியின் ஒரு பாதி. மறுபாதியைப் பற்றி நம் பிரசங்கங்களில் குறைவாகவே கேட்கிறோம்.

இந்த விழிதியூர் வட்டாரத்திலிருந்தே தொடங்குகிறேன். பக்கத்தில் திருமலைராயன்பட்டினம். அந்தப் பட்டினத்தின் பழங்கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். காளமேகப் புலவர் திருமலைராயன் அவைக்கு வருகிறார். அங்கே அதிமதுரகவியும் அவரைச் சேர்ந்த அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்களும் காளமேகத்தை இளக்காரம் செய்கிறார்கள். உட்கார இடம்கூட இல்லை. யமகண்டம் என்னும் உயிரைப் பணயம் வைத்த போட்டியில் பாடி வென்ற பிறகும் உரிய மரியாதை கிடைக்கவில்லை. புலவர் வெளியே வந்து, இந்த ஊரில் மண்மாரி பொழியட்டும் என்று வசை பாடுகிறார். ஊர் மண்மூடிப் போகிறது.

வரலாறா, கட்டுக்கதையா என்ற விசாரணை இங்கே வேண்டாம். தலைமுறை தலைமுறையாக இந்தக் கதையை நாம் ரசித்துச் சொல்கிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம். அவமானப்பட்டவன் ஒரே பாட்டில் பழி தீர்த்தான் என்பதில் நமக்கெல்லாம் ஒரு திருப்தி. ஆனால் ஒன்று கேட்கலாம். இடம் தர மறுத்தவர்கள் அரண்மனையில் இருந்தார்கள். மண் யார் வீட்டின்மேல் விழுந்தது? தறி நெய்தவன் வீட்டின்மேலும் வலை வீசியவன் வீட்டின்மேலும்தானே? அலுவலகத்தில் பட்ட சொல்லுக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடமும் பிள்ளையிடமும் எரிந்து விழுகிறோமே, அதுவும் மண்மாரிதான்.

மறுபக்கம் காரைக்காலைத் தாண்டி வடக்கே போனால் தரங்கம்பாடி. நான் அதிக நேரம் நிற்கப் போவது அங்கேதான். கத்தோலிக்கர் நிறைந்த மண்ணில் லூத்தரன் போதகர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு காலத்தில் இந்தக் கரையில் இரு தரப்பும் ஒருவரையொருவர் அச்சிலும் ஏட்டிலும் வசைபாடிக்கொண்டவர்கள். லூத்தரன் தரப்பினர் 'திருச்சபை பேதகம்' எழுதினார்கள். நம் வீரமாமுனிவர் 'பேதகம் மறுத்தல்' எழுதினார். தேம்பாவணி எழுதிய அதே கைதான். அந்த நூல்களில் கிறிஸ்துவின் பெயரால் வந்த கடுஞ்சொல்லைத் தொகுத்தால் இன்னொரு சொற்பொழிவே ஆகும். அதை விடுகிறேன்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார். ஏறக்குறைய இருபத்து நான்கு வயது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பியவர். அரசர் அனுப்பியவர் என்றாலும் அங்கிருந்த டேனியக் கம்பெனிக்கு அவர் வேண்டாத விருந்தாளி. தளபதி ஹாசியஸ் அவரைத் தொடக்கம் முதலே சகிக்கவில்லை. 1708இல் ஒரு கடன் வழக்கு வந்தது. நாவிதர் ஒருவரின் விதவை ஒரு பக்கம், கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் மறுபக்கம். தீர்ப்பு அந்தப் பெண்ணுக்கு எதிராகப் போனது. சீகன்பால்கு திரும்பத் திரும்ப அவளுக்காகப் பரிந்து பேசினார். ஹாசியஸ் விசாரணைக்கு அழைத்தார். எழுத்தில் அழைப்பாணை கொடுங்கள் என்று இவர் கேட்டார். அவ்வளவுதான், சிறை. 1708 நவம்பர் முதல் 1709 மார்ச் வரை நான்கு மாதம் டான்ஸ்போர்க் கோட்டைக்குள் கிடந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்தச் சிறை அவரை ஒடிக்கவில்லை. எழுத வழி கிடைத்ததும் கிறிஸ்தவ வாழ்வு பற்றியும் போதகப் பணி பற்றியும் எழுதினார். வெளியே வந்து 1711இல் புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை முடித்தார். 1714–15இல் அது அச்சேறியது. எதிரியின் ஏச்சையும் பூட்டையும் அவரால் தாங்க முடிந்தது.

இவரே வாயாலும் கையாலும் புண்படுத்தியவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நினைவுச் சொற்பொழிவில் புகழுரை மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வந்த புதிதில் ஒரு கோயிலருகே இருந்த உருவங்களைத் தள்ளினார், சிலவற்றின் தலையை உடைத்தார். இவற்றால் உங்களைக் காப்பாற்ற முடியுமா என்று காட்டுவது அவர் எண்ணம். அங்கிருந்த தமிழ் உபாத்தியாயர் ஒருவர் கூச்சலிடவில்லை, அடிக்கவில்லை. இவை கடவுள் அல்ல, கடவுளின் காவலர்கள் என்று விளக்கம் சொன்னார். அவமதிப்புக்கு அறிவால் மறுமொழி சொன்ன அந்த மனிதரின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. உடைத்தவர் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் சீகன்பால்கு மாறினார், அதுதான் அவரை நான் மதிக்கும் காரணம். தமிழர் சமயத்தை உட்கார்ந்து கேட்டுப் படித்தார். 1712 முதல் அவரும் உடன் பணியாளர் குருண்ட்லரும் இங்குள்ள தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி, வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். அந்தப் பதில்களில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடி, உணவு, சுத்தமின்மை பற்றிய கடுமையான விமர்சனம் உண்டு. தம் சொந்தக் கூட்டத்தைப் பற்றிய அந்தச் சுடுசொற்களையும் பெயர்த்து ஐரோப்பாவில் அச்சேற வைத்தார்கள். குத்தும் சொல்லில் உண்மை இருந்தால் அதை ஊரறியக் கேட்டுக்கொள்வது என்ற வழியை இந்தக் கரையில் இவர்கள் காட்டினார்கள். சுடுசொல்லை எதிர்கொள்வதில் இதைவிடக் கடினமான பாடம் எனக்குத் தெரியாது.

1713இல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சவரிசை பற்றி ஒரு பெருநூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அவர் ஆசானாகப் போற்றிய பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கேட்ட கேள்வி. அந்த நூல் அச்சேற 1867 ஆகிவிட்டது, அதுவும் சென்னையில். அடுத்த அடி வந்தது கோபன்ஹேகனிலிருந்து. மிஷன் சங்கத்தின் செயலாளர் கிறிஸ்டியன் வெண்ட் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அப்போஸ்தலர்கள் பள்ளி கட்டினார்களா, கோயில் கட்டினார்களா, பணம் கேட்டார்களா, வெறுங்கையோடு ஊர் ஊராகப் போய்ப் போதிக்க வேண்டியதுதானே என்பது அவர் வாதம். தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11இல் பிரதிட்டை ஆகிறது. செங்கல் செங்கலாக அதைக் கட்டிய மனிதருக்குக் கப்பலில் வரும் கடிதங்கள் இப்படிப்பட்டவை. பணமோ குறைவாக வருகிறது, பழிச்சொல்லோ நிறைய வருகிறது.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1719 பிப்ரவரி 23ஆம் நாள் சீகன்பால்கு இறந்தார். வயது முப்பத்தாறு. அவர் கட்டிய அந்தக் கோயிலிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் குருண்ட்லரும் போய்ச் சேர்ந்தார். கடிதத்தால் யாராவது சாவார்களா என்று கேட்பீர்கள். உடம்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கடிதங்கள் அவர் முடிவை விரைவுபடுத்தின என்பதே மிஷன் வரலாறு எழுதியவர்கள் பலரின் கருத்து. ஹாசியஸின் சிறையைத் தாங்கியவரை வெண்டின் மை வீழ்த்தியது. எதிரி ஏசினால் எதிரி ஏசுகிறான் என்று ஆறுதல் கொள்ளலாம். சொந்த வீட்டிலிருந்து, அதுவும் வேதவசனத்தைச் சுற்றிக்கொண்டு வரும் சொல்லுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

இனி வேதாகமத்துக்குப் போகலாம். தாவீது அரசர் மகனுக்கு அஞ்சி ஓடுகிறார். சிமயி என்பவன் வழிநெடுகக் கல்லெறிந்து, இரத்தவெறியன் என்று ஏசுகிறான். தலையைச் சீவிவிடவா என்று கேட்கிறார் உடன் வந்த வீரர் அபிசாய். விட்டுவிடு, ஆண்டவரே அவனை ஏசச் சொல்லியிருக்கலாம் என்கிறார் தாவீது. அழகான இடம், இதை வைத்து எத்தனையோ தவக்காலப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். கதை அங்கே முடியவில்லை. முதல் அரசர்கள் நூலின் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். சாகும் படுக்கையில் தாவீது மகன் சாலமோனை அழைத்து, அந்தச் சிமயியை விட்டுவிடாதே, அவன் நரைத்தலையை இரத்தத்தோடு பாதாளத்துக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறார். அத்தனை ஆண்டு அந்தச் சொல் உள்ளேயே கிடந்திருக்கிறது. அப்படி விழுங்கிய சொல்லை நாமும் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கிறோம். "உன் சித்தப்பன் அன்றைக்கு என்ன சொன்னான் தெரியுமா" என்று தொடங்கும் பேச்சு எந்தக் குடும்பத்தில் இல்லை?

இதோடு ஒரு பெண்ணை வைத்துப் பாருங்கள். பிள்ளையில்லாத அன்னா ஆலயத்தில் உதடு மட்டும் அசைய மன்றாடுகிறாள். குரு ஏலி அவளைக் குடிகாரி என்கிறார். அதுவும் கோயிலுக்குள்ளே, குருவின் வாயிலிருந்து! அவள் அழுது ஓடவும் இல்லை, அவரைத் திட்டவும் இல்லை. இல்லை ஐயா, நான் குடிக்கவில்லை, மனம் நொந்து வேண்டிக்கொண்டிருந்தேன் என்று நேருக்கு நேர் சொல்கிறாள். ஏலி உடனே தம் தவறை விட்டு அவளை ஆசீர்வதிக்கிறார். மறுகன்னம் காட்டச் சொன்ன இயேசுவும் தலைமைக் குருவின் காவலன் அறைந்தபோது பேசினார். நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறு என்று காட்டு, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். ஒரு முறை கேட்டார். பதிலுக்கு ஏசவில்லை. என் கட்சி இவ்வளவே: சொல்லியவரிடமே, ஒரு முறை, உண்மையை, மரியாதை குறையாமல் சொல்லிவிடுவது. ஆறாத கோபத்தைக் கடவுளிடம் கொட்டுவது. திருப்பாடல்களில் சாபங்களே இருக்கின்றன, படித்தால் கூசும். அவை பகைவரின் முகத்தில் எறியப்படாமல் கடவுளின் காதில் போடப்பட்டவை. காளமேகத்தின் வசையும் அங்கே போயிருந்தால் பட்டினத்துக்காரர்கள் பிழைத்திருப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பொறுமையை யாருக்குப் போதிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். சாதிப் பெயர் சொல்லி ஏசப்பட்ட கிறிஸ்தவரிடம் போய், சிலுவையை நினைத்துக்கொள், மன்னித்துவிடு என்று ஏசியவரின் சாதிக்காரரே சொல்வது நற்செய்தி ஆகாது. பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் அப்படி ஏசுவதைக் குற்றமாக்கியது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஆனால் பட்டியல் சாதி யார் என்று வகுக்கும் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையில் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தார் மட்டுமே வருகிறார்கள். சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவருக்கு அந்தச் சட்டத்தின் கதவு திறப்பதில்லை. நாட்டின் சட்டம் கைவிட்ட இடத்தில் திருச்சபையாவது அவர் பக்கம் நிற்க வேண்டும். ஏசியவரை அழைத்துக் கேட்க வேண்டும். அதைச் செய்யாத பங்குப்பேரவைக்கு மன்னிப்பைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்பேன்.

மத்தேயு நற்செய்தியில் இயேசுவின் இரண்டு கட்டளைகள் உள்ளன. ஐந்தாம் அதிகாரத்தில், உன்மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய் என்கிறார். அது புண்படுத்தியவனுக்கு. பதினெட்டாம் அதிகாரத்தில், உனக்குத் தீங்கு செய்தவனிடம் தனியே போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபையிடம் சொல் என்கிறார். அது புண்பட்டவனுக்கு. இருவருமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நாமோ அந்த வரிசையைத் தலைகீழாக நடத்துகிறோம். முதலில் வாட்ஸ்அப் குழுவில் சாடையாக ஒரு வசனம் போடுவது, பிறகு அன்பியக் கூட்டத்தில் முகம் கொடுக்காமல் இருப்பது, கடைசியில் ஆயருக்கு மொட்டைக் கடிதாசி. சம்பந்தப்பட்டவரிடம் தனியே பேசுவது மட்டும் நடப்பதே இல்லை. திருப்பலியில் சமாதானம் பகிரும்போது பக்கத்து வரிசைவரைக்கும் கை கூப்பிவிட்டு, யாரோடு பேச்சுவார்த்தை இல்லையோ அவர் இருக்கும் திசைக்கு முதுகு காட்டுகிறோம்.

ஆகவே விழிதியூர்ப் பங்கு மக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நடுவில் சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கும் உபதேசியார், பள்ளி ஆசிரியைகள், கன்னியர்கள், கோயில் பணியாளர் இருக்கிறார்கள். அவர்கள் வேலையில் குறை இருக்கும். குறையைச் சொல்லத்தான் வேண்டும். அதை நேரில், தனியாகச் சொல்லுங்கள். எழுதுவதானால் உங்கள் பெயரைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அவர்கள் பதில் சொல்ல வரும்போது உட்கார நாற்காலி கொடுத்து, முடிக்கும்வரை கேளுங்கள்.