திருத்த முடியாத தண்டனை

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் புழல் மத்திய சிறையிலிருந்து 2022 நவம்பர் 12 அன்று இரண்டு பேர் விடுதலையானார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் என்ற இலங்கைத் தமிழர்கள் அவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த ஆயுள் கைதிகள் என்றுதான் அவர்களைப் பற்றிய செய்திகள் சொல்லின. ஆனால் 1998 ஜனவரியில் பூந்தமல்லியில் ‘தடா’ என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கிய நீதிமன்றம் இந்த இருவருக்கும் விதித்தது தூக்குத் தண்டனை. அந்தத் தீர்ப்பு அப்படியே நிறைவேறியிருந்தால், அது சரியா தவறா என்று மறுபடி கேட்பதற்கே இடம் இருந்திருக்காது. மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்று உலகம் முழுக்க நடக்கும் விவாதத்தில் அறம், மதம், அரசியல் எல்லாம் பேசப்படுகின்றன. இன்றைய உரையில் நான் முன்வைக்க விரும்புவது ஒரே வாதம். தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய நிலையில் உள்ள ஒரு நீதி அமைப்பு, திருத்தவே முடியாத ஒரு தண்டனையைக் கையில் வைத்திருக்கக் கூடாது. இதற்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டு வழக்குகளே போதும்.

முதலில் ராஜீவ் காந்தி வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டு ஒரு முன்னாள் பிரதமரை மட்டும் கொல்லவில்லை; பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் கூட்டத்துக்கு வந்த சாதாரண மக்களும் அவரோடு மாண்டார்கள். அந்தக் குடும்பங்களின் இழப்பை யாரும் சிறிதாக்க முடியாது. இந்த வழக்கில் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் ஒட்டுமொத்தமாகத் தூக்கு விதித்தது. தடா சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது. நேராக உச்ச நீதிமன்றம்தான். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 19 பேர் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டு வெளியே வந்தார்கள். பயஸ், ஜெயக்குமார் உட்பட மூன்று பேருக்கு ஆயுள் தண்டனையானது. நான்கு பேருக்கு மட்டுமே தூக்கு உறுதியானது. அந்த நால்வரில் நளினியின் தண்டனையை 2000-இல் தமிழக அமைச்சரவையின் பரிந்துரைப்படி ஆளுநர் ஆயுளாகக் குறைத்தார். மீதி மூவரான முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகியோரின் கருணை மனுக்களைக் குடியரசுத் தலைவர் 11 ஆண்டுகள் கழித்து நிராகரித்தார். வேலூர் சிறையில் 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறிக்கப்பட்டது. பத்து நாள் இருக்கும்போது சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. இத்தனை ஆண்டுக் காலதாமதமே தண்டனையைக் குறைக்கப் போதுமான காரணம் என்று 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 26 தூக்கு என்று தொடங்கிய கணக்கு, கடைசியில் ஒன்றுகூட இல்லை என்று முடிந்தது.

இதில் பேரறிவாளனுக்கு எதிராக இருந்த சான்றைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். கைதானபோது அவருக்கு வயது 19. அவர் இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார், அது குண்டில் பயன்பட்டது என்பதுதான் குற்றச்சாட்டின் மையம். அதற்கு முக்கிய ஆதாரம், காவல் கண்காணிப்பாளர் ஒருவர் பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலம். சாதாரணச் சட்டத்தில் போலீசாரிடம் சொன்ன வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது, தடாவில் செல்லும். இந்த வழக்கில் தடா குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், தடாவின் கீழ் எடுத்த வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-இல் வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். பிறகு அதையே பிரமாணப் பத்திரமாகவும் தாக்கல் செய்தார். ஒருவர் சதிகாரரா, இல்லையா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய வாக்கியம் அது. அது வெளியே வர 22 ஆண்டுகள் ஆயின. தண்டனை பெற்றவர் உயிரோடு இருந்ததால்தான் அந்த உண்மைக்குப் பயன் இருந்தது.

மரண தண்டனை வேண்டும் என்பவர்களின் தரப்பை அதன் முழு வலிமையோடு கேட்பதுதான் நியாயம். திருக்குறளில் செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள், கொடிய கொலைகாரர்களை அரசன் தண்டிப்பதைப் பயிருக்குள் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறது. இந்தியச் சட்ட ஆணையமும் 1967-இல், நாட்டின் நிலைமையைக் கருதி இந்தத் தண்டனையை ஒழிக்க இது காலமல்ல என்று பரிந்துரைத்தது. சிங்கப்பூர் அரசு, போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்கு இருப்பதால்தான் தன் மக்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று இன்றும் உறுதியாக வாதிடுகிறது. குழந்தையைச் சிதைத்துக் கொன்றவனுக்கு வேறு என்ன தண்டனை என்ற கேள்வி எந்தத் தாய் தகப்பன் மனதிலும் எழும். இவை எதுவும் புறந்தள்ளக் கூடியவை அல்ல. ஆனால் அதே செங்கோன்மை அதிகாரம் தொடங்குவது, ஆராய்ந்து பார்ப்பதே முறை என்ற கருத்தோடு. களை எது, பயிர் எது என்று பிழையில்லாமல் தெரிந்தவர்தான் பிடுங்க உரிமை உள்ளவர்.

தூக்கு பயத்தால் கொலை குறைகிறதா என்பதற்கு வருவோம். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-இல் மரண தண்டனையை ஒழித்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது அதற்குள்தான் இருந்தது. பின்னர் இந்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தூக்கும் திரும்பி வந்தது. தண்டனை இல்லாத ஆண்டுகளிலும் அது திரும்பிய ஆண்டுகளிலும் கொலைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. தூக்கைத் தொடர்ந்து நிறைவேற்றிய சிங்கப்பூரையும், 1966-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடாத ஹாங்காங்கையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோதும், கொலை விகிதம் இரண்டிலும் ஒரே போக்கில் இறங்கியதைக் கண்டார்கள். அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2012-இல், மரண தண்டனை கொலையைத் தடுக்கிறது என்றோ தடுக்கவில்லை என்றோ சொல்ல அதுவரை வந்த ஆய்வுகள் உதவாது என்று முடிவு சொன்னது. ஆத்திரத்திலோ போதையிலோ கொல்பவன் சட்டப் புத்தகத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. திட்டமிட்டுக் கொல்பவன், தான் பிடிபடப் போவதில்லை என்று நம்பித்தான் இறங்குகிறான். அவனைத் தடுக்கக் கூடியது, நிச்சயம் பிடிபடுவோம் என்ற அச்சம். அந்த அச்சத்தைத் தருவது ஒழுங்கான புலனாய்வு. உயிரைப் பறிப்பதற்குச் சமூகப் பாதுகாப்பைக் காரணம் காட்டும் அரசு, அந்தப் பாதுகாப்பு உண்மையிலேயே கிடைக்கிறது என்று நிரூபிக்கக் கடமைப்பட்டது. எந்த நாட்டு அரசும் இதுவரை அதை நிரூபிக்கவில்லை.

அடுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்கான நீதி. சென்னை முகலிவாக்கத்தில் 2017 பிப்ரவரியில் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கு தமிழகத்தையே உலுக்கியது. ஏறக்குறைய ஓராண்டில், 2018 பிப்ரவரியில், செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட இளைஞருக்குத் தூக்கு விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வேகமான நீதி என்று எல்லோரும் பாராட்டினோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவருக்கு இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரை நியமித்த சில நாட்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. முக்கியமான கண்காணிப்புக் கேமரா பதிவை அரசுத் தரப்பு முறையாக நிரூபிக்கவில்லை. குற்றவாளி என்று சொன்ன அன்றைக்கே தண்டனையும் விதிக்கப்பட்டது. நியாயமான விசாரணை நடக்கவில்லை, குற்றம் ஐயமின்றி நிரூபிக்கப்படவில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. எட்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு மிஞ்சியது என்ன? விடுதலையானவர் குற்றவாளியானால் தப்பித்துவிட்டார். இல்லையென்றால் உண்மையான குற்றவாளியைத் தேடவே இல்லை. தூக்கு வேண்டும் என்ற ஊரின் கோபம் புலனாய்வையும் விசாரணையையும் அவசரப்படுத்துகிறது. அந்த அவசரத்தில் முதலில் பலியாவது பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிடைக்க வேண்டிய உண்மை. அந்தக் குழந்தைக்கு நாம் பட்ட கடனைத் தூக்குக் கயிறு தீர்க்கவில்லை.

‘பிழை நேர்ந்தது, மேல் நீதிமன்றம் திருத்தியது, அமைப்பு சரியாகத்தானே இயங்குகிறது’ என்று ஒருவர் கேட்கலாம். எல்லாப் பிழையும் நேரத்தோடு திருத்தப்படுவதில்லை. உச்ச நீதிமன்றம் 1980-இல் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று வரையறுத்தது. குற்றத்தை மட்டுமல்லாமல் குற்றவாளியின் நிலையையும் பார்க்க வேண்டும் என்றது. அந்த விதியைக் கவனிக்காமல் சில தீர்ப்புகள் வந்துவிட்டன என்று அதே நீதிமன்றம் 2009-இல் ஒப்புக்கொண்டது. 2012-இல் ஓய்வு பெற்ற நீதிபதிகள் 14 பேர் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதி, அப்படித் தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களில் ராவ்ஜி ராவ், சுர்ஜா ராம் ஆகிய இருவர் 1996-லும் 1997-லும் தூக்கிலிடப்பட்டே விட்டார்கள் என்று சுட்டிக்காட்டினார்கள். அந்த இருவருக்குத் திருத்தம் வந்து என்ன பயன்? ராஜீவ் வழக்குக் கைதிகளுக்காகத் தெருவில் இறங்க மக்கள் இருந்தார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, நாட்டின் முன்னணி வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். எல்லோருக்கும் அது வாய்க்காது. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டின் தூக்குத் தண்டனைக் கைதிகளில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். 2000 முதல் 2015 வரை கீழ் நீதிமன்றங்கள் விதித்த தூக்குத் தண்டனைகளில் மேல்முறையீட்டில் நிலைத்தது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்பதும் அதே ஆய்வில் உள்ளது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை மாற்ற வேண்டியிருக்கும் ஒரு முடிவில், மீதி ஐந்து முறை மட்டும் பிழையே இருக்காது என்று எந்தத் துணிவில் நம்புவது?

பயங்கரவாதம் மட்டும் விதிவிலக்காக இருக்கட்டும் என்பது அடுத்த வாதம். நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015-இல், பயங்கரவாதமும் நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பதும் தவிர மற்ற குற்றங்களுக்குத் தூக்கை ஒழிக்கச் சொன்னது. அந்தப் பரிந்துரை பெரிய முன்னேற்றம். ஆனால் விதிவிலக்கை என்னால் ஏற்க முடியவில்லை. ஏனென்றால் பயங்கரவாத வழக்குகளில்தான் கோபம் உச்சத்தில் இருக்கிறது, சாட்சியச் சட்டம் தளர்த்தப்படுகிறது, மேல்முறையீட்டின் படிகள் குறைக்கப்படுகின்றன. தடாவில் அதுதான் நடந்தது. பிழைக்கு அதிக வாய்ப்புள்ள இடத்தில், பிழையைத் திருத்த முடியாத தண்டனையை வைப்பது எப்படிச் சரியாகும்?

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டில் வெளியே வந்துவிடுவான் என்ற அச்சம் மக்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் தருமபுரியில் பேருந்தோடு எரிக்கப்பட்டு மூன்று வேளாண் கல்லூரி மாணவிகள் இறந்தார்கள். குற்றவாளிகள் மூவருக்கு விதித்த தூக்கை 2010-இல் உறுதி செய்த உச்ச நீதிமன்றமே 2016-இல் ஆயுளாகக் குறைத்தது. 2018-இல் அரசு அவர்களை விடுவித்தபோது அந்த மாணவிகளின் குடும்பங்கள் கொதித்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் குறைக்கு மருந்து தூக்கு அல்ல. ராஜீவ் வழக்கின் முருகன் பெயரிலேயே வந்த 2015 டிசம்பர் தீர்ப்பில், இத்தனை ஆண்டுகள் தண்டனைக் குறைப்பே இல்லாமல் சிறையில் இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஆணையிடலாம் என்று அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. சமூகத்தைக் காக்க அது போதும். பிழை தெரிந்தால் கதவைத் திறக்கவும் அது இடம் தருகிறது. புழல் சிறையின் தண்டனைக் கைதிகள், சிறைத்துறை நடத்தும் ஃப்ரீடம் பெட்ரோல் பங்கில் நின்று வண்டிகளுக்கு எரிபொருள் நிரப்புகிறார்கள். 2023-இல் பெண் கைதிகளுக்கும் தனி பங்க் திறக்கப்பட்டது. வண்டியை நிறுத்திப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, சில்லறை வாங்கிப் போகிறவர்கள் அக்கம்பக்கத்து மக்கள்தான். கடுங்குற்றம் செய்தவரையும் காவலோடு, வேலையோடு வைத்து நிர்வகிக்க நம் அரசுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மற்ற நாடுகளும் பட்டுத்தான் தெளிந்தன. பிரிட்டனில் 1950-இல் திமோத்தி எவான்ஸ் தூக்கிலிடப்பட்டார். அதே வீட்டில் குடியிருந்த வேறொருவர் தொடர் கொலைகாரர் என்பது மூன்று ஆண்டுகளில் தெரிந்தது. 1966-இல் எவான்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார்கள், கல்லறைக்கு. ஜப்பானில் 1968-இல் தூக்கு விதிக்கப்பட்ட இவாவோ ஹகமாடா, 88 வயதில், 2024 செப்டம்பரில் நிரபராதி என்று தீர்ப்புப் பெற்றார். சான்றுகளைப் புலனாய்வாளர்களே புனைந்ததாக நீதிமன்றம் சொன்னது. மலேசியா 2023-இல் கட்டாய மரண தண்டனையை நீக்கியது. இலங்கையில் 1976-க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2019-இல் அன்றைய ஜனாதிபதி அதை மீண்டும் தொடங்க முயன்றபோது அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுத்தது.

தமிழ்நாட்டில் கடைசித் தூக்கு 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் நடந்தது. அதன் பின் முப்பது ஆண்டுகளாக நாம் அது இல்லாமலே ஆட்சி நடத்தி வருகிறோம். சட்டத்திலிருந்து அதை நீக்குவது நாடாளுமன்றத்தின் பொறுப்பு. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோ அதைத் தக்க வைத்திருக்கிறது. நாடாளுமன்றம் அதை நீக்கும்வரை மாநிலம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கருணை மனுவில் மாநில அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று 2022 மே மாதம் பேரறிவாளன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திவிட்டது. ஆகவே, தூக்குத் தண்டனையை மாநில அரசு வழக்கறிஞர்கள் கேட்பதில்லை என்றும், தன் அதிகாரத்துக்கு உட்பட்ட வழக்குகளில் வரும் ஒவ்வொரு தூக்கையும் ஆயுளாகக் குறைக்கப் பரிந்துரைப்போம் என்றும் தமிழக அரசு கொள்கை முடிவு எடுக்கலாம். கூடவே, கொலை வழக்கில் சிக்கும் ஏழைக்கு முதல் நாளிலிருந்தே தகுதியான வழக்கறிஞரையும், புலனாய்வுக்கு நல்ல தடயவியல் வசதியையும் தர வேண்டும். கொல்லப்பட்டவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஒருசேர நீதி கிடைக்க அதுதான் வழி. அரசின் கையிலிருக்கும் எந்த அதிகாரமும் திருத்தத்துக்கு உட்பட்டதாகவே இருக்க வேண்டும் என்று கேட்பது குடிமக்களாகிய நம் உரிமை. உயிரைப் பறிக்கும் அதிகாரத்தைப் பொறுத்தவரை அது நம் கடமையும்கூட.